மோரியா மலையடிவாரத்தில் ஒரு கழுதை: இத்தாலியின் வெண்கலக் கதவுகளைத் தேடி

வெரோனா, செவ்வாய் இரவு

நானும் அக்காவும் இத்தாலிக்கு வந்திருப்பது ஆலயக் கதவுகளைப் பார்க்க. ஓவியமும் பளிங்குச் சிலையும் வழியில் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் தேடி வந்தது வேதாகமக் கதைகளைப் புடைப்புச் சிற்பமாகச் சுமந்து நிற்கும் வெண்கலக் கதவுகளை. வெரோனா, பீசா, ஃப்ளோரன்ஸ் என்று போகிறோம். காலவரிசையும் அதுதான். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1452இல் முடிகிற ஒரு கதை இது.

வெரோனாவில் கூட்டமெல்லாம் ரோமானியர் கட்டிய அரேனாவைச் சுற்றித்தான். சான் ஸேனோ ஆலயம் அங்கிருந்து மேற்கே, நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. முன்னால் பெரிய சதுக்கம், அதிகம் பேர் இல்லை. முகப்பில் வட்டமான பெரிய சாளரம். அதன் விளிம்பில் மனிதர்கள் ஏறுவதும் விழுவதுமாகச் செதுக்கியிருக்கிறார்கள், விதியின் சக்கரமாம். கீழே வாசலின் இரு பக்கமும் கல்லில் ஆதாம் ஏவாள் முதல் இயேசுவின் பாடுகள் வரை. அதுவே ஒரு நாளைக்குப் போதும். நாங்கள் கதவுக்குப் போய்விட்டோம்.

மரக்கதவின் மேல் வெண்கலத் தகடுகளை அறைந்து செய்த கதவு. பெரிய பலகைகள் மட்டும் 48, ஒவ்வொரு பக்கமும் 24. கிட்டே போனதும் இரண்டு வேறு கைகள் வேலை செய்திருப்பது தெரிகிறது. முதல் கையின் உருவங்களுக்குப் பெரிய தலை, உருண்ட கண், தகட்டிலிருந்து முன்னால் எட்டிப் பார்க்கும் உடம்பு. இரண்டாவது கை அடக்கமானது. உடைகளின் மடிப்பு ஒழுங்காக விழுகிறது, ஆட்கள் நிதானமாக நிற்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்த கதவை, ஆலயம் பெரிதானபோது அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் விரிவாக்கி, புதுப் பலகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் கதைகளின் வரிசை குழம்பிப்போனது.

எனக்கு முதல் கைதான் பிடித்தது. ஏரோது அரசனின் விருந்தில் அவன் மனைவியின் மகள் சலோமி ஆடுகிற பலகையைப் பாருங்கள். ஆடியதற்குப் பரிசாக யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்டவள் அவள். அவள் உடம்பைப் பின்னால் வளைத்து வில்லாக்கிவிட்டார் சிற்பி. எலும்பு உள்ள மனிதரால் முடியாத வளைவு. அழகான நடனம் என்று அவர் சொல்லவே இல்லை. இந்த ஆட்டம் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவர் வார்த்த நடனம் அது. அக்கா ஞாயிறுப் பள்ளியில் பாடம் நடத்தியவள், வசனங்கள் நாக்கு நுனியில் இருக்கும். அவளே, "பார்க்கவே வயிற்றைப் பிசையுதுடா" என்றாள்.

வலப்பக்கக் கதவில் பழைய ஏற்பாட்டுக் கதைகள் அதிகம். கடவுள் கட்டளையிட்டதால் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப்போகும் காட்சியும் அங்கே இருக்கிறது, ஒரே மூச்சில் சொல்லி முடித்த மாதிரி சுருக்கமாக. இந்தக் கதையை மனதில் குறித்துக்கொண்டோம். இன்னும் மூன்று முறை அதைச் சந்திக்கப்போகிறோம்.

அப்புறம் புனித ஸேனோவின் கதைகள். 4ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் ஆயராக இருந்தவர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது மரபு. ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் அவரைத் தேடிப் பேரரசனின் ஆட்கள் வருகிறார்கள். அவர் போய் அரசன் மகளைப் பிடித்திருந்த பேயை ஓட்டுகிறார். ஆதியாகமத்துக்கும் சுவிசேஷத்துக்கும் அருகிலேயே தங்கள் ஊர்க்காரரின் கதையையும் வைத்துவிட்டார்கள் வெரோனா மக்கள். அந்த உரிமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பீசா, புதன்

ரயில் பயணம் நீண்டது. ஃப்ளோரன்ஸில் இறங்கி வண்டி மாறி மதியம்தான் பீசா வந்தோம்.

சாயும் கோபுரத்தைப் பார்த்தபடி நிற்கிறது பேராலயத்தின் சான் ரனியேரி வாசல். கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் படமெடுக்கிறவர்கள் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். வாசலில் இப்போது இருப்பது நகல். 1180 வாக்கில் பொனான்னோ பிசானோ வார்த்த மூலக் கதவு பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்புக்கும் அவர் ஒரு பெரிய கதவு செய்திருந்தார். 1595இல் நடந்த தீ விபத்து அதை அழித்துவிட்டது. பக்கவாட்டில் இருந்ததால் இது தப்பியது. சிசிலியில் மொன்ரேயாலே பேராலயத்துக்கும் 1186இல் ஒரு கதவு செய்து பெயர் பொறித்திருக்கிறார் இவர். அது இந்தப் பயணத்தில் இல்லை.

வெரோனாவின் குழப்பத்துக்குப் பிறகு இங்கே எல்லாம் ஒழுங்கு. கீழ் வரிசையில் ஈச்ச மரங்களுக்கு இடையே தீர்க்கதரிசிகள் நிற்கிறார்கள். அவர்கள் சொன்னது மேலே நிறைவேறுகிறது. காபிரியேல் தூதன் மரியாளிடம் வருவதில் தொடங்கி, இரண்டு கதவுகளையும் கடந்து இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக மேலே ஏற வேண்டும். உச்சியில் மகிமையில் வீற்றிருக்கும் கிறிஸ்துவும் மரியாளும். வாசகரைக் கீழே நிறுத்தி, மெல்ல மெல்ல அண்ணாந்து பார்க்க வைக்கும் ஏற்பாடு.

பொனான்னோவிடம் ஆட்கள் குறைவு. பலகையில் பாதி வெறும் வெளியாகவே இருக்கும். அந்த வெற்றிடம் உருவங்களுக்கு ஒரு கனத்தைக் கொடுக்கிறது. ஒவ்வொரு பலகையிலும் இலத்தீனில் ஓரிரு சொற்கள், காட்சியின் பெயர்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஞானிகள் வரும் பலகை. மூன்று பேர் குதிரையில் மலையேறி வருகிறார்கள். அவர்களுக்குக் கீழே, மலையின் அடியில், சிறிதாக ஆதாமும் ஏவாளும்: கனியைத் தின்கிறார்கள், தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள். இயேசு பிறந்த கதைக்கு நடுவே இது எதற்கு? கதை தெரிந்தவருக்குப் பதில் உடனே தெரியும். அந்தப் பழைய வீழ்ச்சியால்தான் இந்தப் பிறப்பே தேவைப்பட்டது. காரணத்தை நிலத்துக்கு அடியில் வைத்து, விளைவை அதன் மேல் குதிரையில் நடத்திக் காட்டுகிறார் பொனான்னோ. எழுத்தில் இரண்டு பத்தி ஆகும் இதைச் சொல்ல.

இரவு உணவின்போது இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இந்த மாதிரிச் சிற்பங்களைப் படிக்கத் தெரியாதவர்களின் வேதாகமம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஞானிகளின் காலடியில் இருக்கும் அந்த இருவர் யார் என்று ஏற்கெனவே தெரியாதவருக்கு இந்தப் பலகை எதையும் சொல்லாது. கதையைப் பிரசங்கத்திலும் பாட்டிலும் விழாவிலும் நூறு தடவை கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கதவு பேசுகிறது. முடிவு எல்லாருக்கும் தெரியும் என்பதால், எந்தக் கணத்தைப் பிடிப்பது, யாரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் சிற்பி தன் திறமையைக் காட்ட முடியும். அக்கா தலையாட்டினாள். "நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்றதும் அப்படித்தானே? தாவீது ஜெயிப்பான்னு தெரிஞ்சுதான் கேக்குதுங்க."

ஃப்ளோரன்ஸ், வியாழன்

பேராலயத்துக்கு எதிரே எண்கோண வடிவில் நிற்கும் ஞானஸ்நான ஆலயத்துக்கு மூன்று வெண்கலக் கதவுகள். ஊரின் காவல் புனிதர் யோவான் ஸ்நானகன், அவர் பெயரில் உள்ள ஆலயம் இது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு கலிமாலா என்ற துணி வணிகர் சங்கத்திடம் இருந்தது. மூன்று கதவுகளுக்கும் அவர்கள்தான் செலவு செய்தார்கள். இப்போது வாசல்களில் இருப்பவை நகல்கள். மூலக் கதவுகள் மூன்றும் பேராலய அருங்காட்சியகத்தில் ஒரே கூடத்தில் இருக்கின்றன. வெளியே நகல்களைச் சுற்றி வந்து அமைப்பைப் புரிந்துகொண்டு, அதன் பிறகு உள்ளே போனோம். இந்த வரிசையை யாருக்கும் சிபாரிசு செய்வேன். கதவு என்பது வாசலில், மனிதர்கள் நடமாடும் இடத்தில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூத்த கதவு, இப்போது தெற்குக் கதவு எனப்படுவது, அந்த்ரேயா பிசானோவுடையது. 1330 என்று அதிலேயே பொறித்திருக்கிறது, வாசலில் ஏறியது 1336இல். வார்க்கும் வேலைக்கு வெனிஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். மொத்தம் 28 பலகை, ஒவ்வொரு காட்சியும் நான்கு இதழ்ப் பூவின் வடிவச் சட்டத்துக்குள். 20 பலகைகளில் யோவானின் வாழ்க்கை, கீழே எட்டில் நம்பிக்கை, விசுவாசம், அன்பு போன்ற நற்குணங்கள் பெண் வடிவில்.

பீசாவைப் போல இங்கே கண் இரண்டு கதவுகளையும் தாண்டிப் போகக்கூடாது. இடக் கதவை மேலிருந்து கீழாக முழுதும் முடித்துவிட்டுத்தான் வலக் கதவு. இடக் கதவு யோவானின் தந்தை சகரியாவுக்குத் தூதன் தோன்றுவதில் தொடங்கி, இயேசுவுக்கு யோவான் ஞானஸ்நானம் கொடுப்பதில் முடிகிறது. வலக் கதவு ஏரோதை யோவான் கண்டிப்பதில் தொடங்கி அவருடைய அடக்கத்தில் முடிகிறது. ஆக இடப்பக்கம் அவர் செய்தவை, வலப்பக்கம் அவருக்குச் செய்யப்பட்டவை. கதவு திறக்கும்போது இந்த இரண்டு பாதிகளும் பிரிந்துபோகும், மூடும்போது சேரும்.

வெரோனாவின் சலோமி இன்னும் கண்ணில் இருந்ததால் இங்கே அவளைத் தேடினோம். அந்த்ரேயாவின் சலோமி வளைவதில்லை. பக்கத்தில் ஒருவர் இசைக்க, மரியாதையான விருந்து ஒன்றில் அமைதியாக ஆடுகிறாள். வெட்டிய தலையை ஏரோதிடம் கொண்டு வருகிறார்கள். பிறகு அவள் தாய் ஏரோதியாள் முன் முழந்தாளிட்டு அதைக் கொடுக்கிறாள். யாரும் பதறவில்லை. நல்ல வளர்ப்பும் நல்ல உடையுமாக நடக்கும் அந்தக் கொலை, வெரோனாவின் முறுக்கைவிட எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

வடக்குக் கதவு லொரென்ஸோ கிபெர்ட்டியின் முதல் கதவு, 1403 முதல் 1424 வரை. இதிலும் 28 பலகைகள், அதே நான்கு இதழ்ச் சட்டம். ஆனால் கதை பீசாவைப் போலக் கீழிருந்து மேலே ஏறுகிறது. அடியில் நான்கு சுவிசேஷகர்களும் நான்கு திருச்சபைத் தந்தையரும். அவர்களுக்கு மேலே காபிரியேல் தூதனில் தொடங்கி, உச்சி வரிசையில் சிலுவை சுமப்பது, சிலுவைப்பாடு, உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே. தெற்குக் கதவில் கதை கல்லறையை நோக்கி இறங்குகிறது, வடக்குக் கதவில் கல்லறையைத் தாண்டி ஏறுகிறது. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்ததால் இது புலப்பட்டது.

ஃப்ளோரன்ஸ், வெள்ளி

இன்று முழுக்க பார்ஜெல்லோ அருங்காட்சியகம். அங்கே எத்தனையோ இருக்க, இரண்டே பலகைகளுக்கு முன்னால் காலை முழுதும் போய்விட்டது.

1401இல் கலிமாலா சங்கம் அடுத்த கதவுக்காகப் போட்டி வைத்தது. முந்தைய ஆண்டுதான் கொள்ளைநோய் ஊரைக் குதறியிருந்தது. வடக்கே மிலானின் விஸ்கோந்தி பிரபு படையோடு நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு வாசலுக்குக் கதவு செய்யப் போட்டி! எல்லாருக்கும் ஒரே தலைப்பு: ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடுதல். ஏழு பேர் கலந்துகொண்டதில் இரண்டு பேருடைய பலகைகள் மட்டும் இன்று இருக்கின்றன. ஒன்று கிபெர்ட்டியுடையது, மற்றது பிலிப்போ புருனெல்லெஸ்கியுடையது. இருவருக்கும் அப்போது இருபதுகளில்தான் வயது.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தவரை மெச்ச வேண்டும். மூன்று நாள் நடந்து வந்த தகப்பன், விறகைச் சுமந்து வந்த மகன், ஓங்கிய கத்தி, கடைசி நொடியில் ஒரு குரல், புதரில் சிக்கிய ஆட்டுக்கடா. உடனே சாகவிருந்தவன் தப்பிப் பிழைக்கும் கதை, அதுவும் கொள்ளைநோய்க்கு அடுத்த ஆண்டில்.

புருனெல்லெஸ்கியின் பலகையில் எல்லாம் ஒரே புள்ளியில் மோதுகிறது. ஆபிரகாமின் இடக்கை மகனின் தாடையைத் தள்ளிக் கழுத்தைத் திறந்து வைக்கிறது. கத்தி தொண்டைக்கே வந்துவிட்டது. பறந்து வந்த தூதன் தகப்பனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறான். வார்த்தையால் தடுக்க நேரமில்லை, கையால் பிடித்தாக வேண்டும். ஈசாக்கு திமிறிக் கோணிப்போயிருக்கிறான். கீழே வேலைக்காரன் ஒருவன் குனிந்து காலில் தைத்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேலே இவ்வளவு நடக்க, அவனுக்கு முள்தான் உலகம்.

கிபெர்ட்டி ஒரு நொடி முந்தி நிற்கிறார். கத்தி பின்னுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது, இன்னும் பாயவில்லை. தூதன் வானத்திலிருந்து நமக்கு நேராகப் பாய்ந்து வருகிறான், தொடவில்லை. ஈசாக்கு பழைய ரோமானியச் சிலையின் உடற்கட்டோடு நிமிர்ந்து முழந்தாளிட்டுத் தகப்பனை ஏறிட்டுப் பார்க்கிறான். குறுக்கே சரிந்து இறங்கும் ஒரு பாறை, வேலைக்காரர்களையும் கழுதையையும் ஒரு பக்கமும் பலிபீடத்தை மறுபக்கமுமாகப் பிரித்துவிடுகிறது.

தொழில் நுட்பத்திலும் பெரிய வித்தியாசம். கிபெர்ட்டி பொற்கொல்லரிடம் பழகியவர். பலகையை ஏறக்குறைய ஒரே வார்ப்பாக, உள்ளே கூடு விட்டு வார்த்தார். புருனெல்லெஸ்கி தனித்தனி உருவங்களை வார்த்துத் தகட்டில் பொருத்தினார். அதனால் அவருடையது சுமார் ஏழு கிலோ அதிகம். ஒரு பலகையில் ஏழு கிலோ வெண்கலம் என்றால் 28 பலகைக்கு என்ன செலவு என்பது வணிகர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். வேலை கிபெர்ட்டிக்குப் போனது. புருனெல்லெஸ்கி பிற்பாடு எதிரே உள்ள பேராலயத்துக்கு அந்த மாபெரும் குவிமாடத்தைக் கட்டினார்.

எங்களுக்குள் வாக்கு பிரிந்தது. அக்கா கிபெர்ட்டி பக்கம்: "ஈசாக்கோட முகத்துல நம்பிக்கை இருக்குடா. அவன் தகப்பனை நம்பித்தானே ஏறினான்." நான் புருனெல்லெஸ்கி பக்கம். அந்தக் கட்டளை எவ்வளவு கொடியது என்பதை அவர் மென்மையாக்கவில்லை. தகப்பனின் கையில் இருக்கும் வேகம் உண்மையான வேகம். கிபெர்ட்டியின் பலகை அழகில் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதைக்கு அவ்வளவு அழகு வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஃப்ளோரன்ஸ், சனி இரவு

இன்று முழுதும் மூன்றாவது கதவோடு. முதல் கதவு முடிந்த கையோடு, 1425இல் சங்கம் கிபெர்ட்டியிடமே அடுத்ததையும் கொடுத்தது. முடிந்தது 1452இல். இருபத்து சொச்ச வயதில் வாசலுக்கு வந்தவர் எழுபது தாண்டித்தான் வேலையை முடித்தார். தொனாதெல்லோ, மிக்கெலோஸ்ஸோ, பாவ்லோ உச்செல்லோ போன்றவர்கள் இளமையில் அவர் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இது சொர்க்கத்தின் வாசலுக்கே தகும் என்று மைக்கேல் ஆஞ்சலோ சொன்னதாக ஒரு செய்தி உண்டு, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பேராலயத்தைப் பார்த்த கிழக்கு வாசல் இதற்குக் கிடைத்தது.

1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது இந்தக் கதவின் பல பலகைகள் பிய்ந்து விழுந்தன. 1990இல் கதவை முழுதும் கழற்றி நகலை மாட்டினார்கள். சீரமைப்பு முடிந்து அருங்காட்சியகத்தில் வைத்தது 2012இல். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், சுமார் எட்டு டன் எடை. ஈரமும் காற்றும் தீண்டாதபடி நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கும் முறையில் ஏற்றிய முலாம். அந்த நச்சுப் புகையைச் சுவாசித்தவர்களை நினைக்காமல் இந்தப் பொன்னிறத்தைப் பார்க்க முடியவில்லை.

லியொனார்தோ புரூனி என்ற அறிஞர் முதலில் இதற்கும் 28 பலகைகளாகத்தான் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். அது நடக்கவில்லை. நான்கு இதழ்ச் சட்டமும் போயிற்று. பழைய ஏற்பாட்டுக்கு வெறும் பத்து சதுரங்கள். அதுவரை பெரும்பாலும் ஒரு சட்டத்துக்குள் ஒரு நிகழ்ச்சி என்றிருந்தது. இங்கே ஒரே சதுரத்துக்குள் நான்கு, ஐந்து நிகழ்ச்சிகள். முன்னால் இருப்பவர்கள் கிட்டத்தட்ட முழுச் சிலைகள், பின்னால் போகப் போக மெலிந்து, தூரத்து மரங்கள் வெறும் கீறலாக முடிகின்றன.

ஆபிரகாமின் பலகையை நேராகத் தேடிப் போனோம். முன்னால் இடப்பக்கம் மூன்று தூதர்கள் வந்திருக்கிறார்கள், ஆபிரகாம் அவர்கள் முன் மண்டியிடுகிறார், கூடாரத்தில் சாராள். பலி எங்கே? வலப்பக்கம் மேலே, மோரியா மலை உச்சியில், மரங்களுக்கு மேல், சின்னதாக. போட்டியில் பலகையையே நிரப்பிய கத்தியும் கழுத்தும் இப்போது தொலைவில். அந்த மலையின் அடியில், நமக்குப் பக்கத்தில் பெரிதாக இருப்பவர்கள் காத்திருக்கும் வேலைக்காரர்களும் கழுதையும்தான். "நீங்கள் கழுதையோடு இங்கே காத்திருங்கள்" என்று ஆதியாகமத்தில் ஆபிரகாம் சொல்லிவிட்டுப் போன அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. இளமையில் இந்தக் கதையால் வேலையை வென்றவர், பல ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பச் சொல்லும்போது நம்மை அடிவாரத்தில் நிறுத்துகிறார். இந்தக் கிபெர்ட்டிக்கு என் வாக்கும் உண்டு. அக்காவிடம் உடனே சொல்லிவிட்டேன்.

ஆதாம் ஏவாள் பலகையில் நடுவே ஆதாமின் விலாவிலிருந்து எழுந்து வரும் ஏவாளைத் தூதர்கள் தாங்குகிறார்கள். வலது ஓரத்தில் அவளே வாசலைத் தாண்டி வெளியேறுகிறாள். யோசேப்பின் பலகையில் தானியம் வாங்க வந்த கூட்டம், நடுவில் வட்டமான பெரிய கட்டடம், பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்படும் கணம். நோவாவின் பேழையைப் பிரமிட் வடிவில் செய்திருக்கிறார். சாலொமோன், சேபா அரசி பலகை மட்டும் ஒரே காட்சி. கிழக்கத்தியத் திருச்சபையும் மேற்கத்தியத் திருச்சபையும் சேர்வதற்காக 1439இல் இதே ஊரில் திருச்சபைப் பேரவை கூடியதை அது நினைவூட்டுவதாகச் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது ஈசாக்கின் குடும்பத்துக்கு முன்னால். அழகான வளைவுகளோடு ஒரு மண்டபம், தரைக் கற்களின் கோடுகள் எல்லாம் உள்நோக்கிச் சென்று ஒன்றுகூடுகின்றன. இடப்பக்க வளைவுக்குள் ரெபெக்காள் ஏசா, யாக்கோபு என்ற இரட்டையரைப் பெற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். நடுவே உள்ளே தள்ளி, ஏசா தன் பிறப்புரிமையைக் கூழுக்கு விற்கிறான். நடுவே முன்னால், கிழவர் ஈசாக்கு ஏசாவை வேட்டைக்கு அனுப்புகிறார், அவனோடு நாய்கள் நிற்கின்றன. வலப்பக்க ஓரத்தில் தூரமாக, வில்லோடு ஏசா மலையேறுகிறான். அதே வலப்பக்கம் முன்னால், கண் தெரியாத ஈசாக்கின் முன் யாக்கோபு மண்டியிட்டிருக்கிறான். உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த அண்ணன் ஏசா என்று நம்பவைக்கக் கழுத்தில் ஆட்டுத்தோல். கிழவரின் கை அதைத் தடவிப் பார்க்கிறது. பக்கத்தில் நின்று கவனிக்கிறாள் தாய்.

ஏசா மலையில் இருக்கும் அதே நேரத்தில் கீழே ஆசீர்வாதம் கைமாறுகிறது. அவனுக்குத் தெரியாது. ஈசாக்குக்குக் கண் தெரியாது. ரெபெக்காளுக்கும் யாக்கோபுக்கும் நமக்கும் தெரியும். வெரோனா சிற்பியோ பொனான்னோவோ அந்த்ரேயாவோ இதை இரண்டு பலகைகளில் அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். ஒரே சதுரத்தில் வைத்ததால் பார்க்கிற நாமும் அந்த ஏமாற்றில் கூட்டாளி ஆகிவிடுகிறோம். பீசாவில் பேசியது நினைவுக்கு வந்தது. கதை தெரிந்தவருக்கு மட்டுமே இந்தச் சங்கடம் நேரும்.

அக்கா வெகு நேரம் ஏசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எப்பவும் பிள்ளைகளுக்கு யாக்கோபு பக்கமிருந்துதான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன். அவன் மலை ஏறிட்டிருந்தான்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள்.

பூட்டும் நேரம் வந்துவிட்டது. சட்டத்தில் தலை நீட்டும் வழுக்கைத் தலை கிபெர்ட்டியையும், அருகில் அவர் மகன் வித்தோரியோவையும் மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வெளியே வந்தோம். மோசே, யோசுவா, தாவீது மூன்றையும் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. நாளை மதியம்தான் ரயில். காலையில் திரும்பவும் போகிறோம், அக்கா முதலில் தாவீதைப் பார்க்க வேண்டுமாம்.